டி எழுத்தில் பத்துப் பக்கம்

மணி பத்து பத்து. புத்தகத்தில் ஆயிரத்து அறுநூற்று நாற்பத்தெட்டுப் பக்கம், அதாவது எண்ணூற்று இருபத்து நான்கு தாள். பன்னிரண்டு மணிக்கு அப்பாவை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோகிறார்கள். அதற்கு இருபது நிமிஷம் முன்னால் முடித்தாக வேண்டும் என்றால் கையில் இருப்பது தொண்ணூறு நிமிஷம், தாளுக்கு ஆறரை வினாடி. கணக்கு டீச்சராக இருப்பதில் இது ஒரு சௌகரியம், எந்தப் பயத்தையும் வகுத்துப் பார்த்துவிடலாம். மீதி வந்தால்தான் தொந்தரவு. ஆறரை வினாடி தாராளம்தான், ஆனால் இந்தத் தாள் வெங்காயச் சருகு மாதிரி, இரண்டு மூன்றாகச் சேர்ந்து வருகிறது, ஊதிப் பிரிக்க வேண்டியிருக்கிறது, ஊதினால் தும்மல் வருகிறது. அப்பா முந்தாநாள் பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். விழுந்ததிலிருந்து உடம்பில் சோடியம் இறங்கிப்போய்த் தாறுமாறாகப் பேசுகிறார். பெரியவருக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காமல் போனது உண்டா என்று மயக்க டாக்டர் கேட்டாராம். உண்டு. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு நின்று, பிழைத்ததே பெரிய காரியம் என்று அம்மா போனில் சொன்னது தம்பி கதிரேசனுக்கு ஞாபகம் இருக்கிறது. அவன் அப்போது சிங்கப்பூரில் இருந்தான். என்ன ஊசி என்று அவனுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும், அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. அப்பாவிடமே கேட்டதற்கு அவர் கண்ணைத் திறக்காமல் டிக்‌ஷனரி, டிக்‌ஷனரி என்று மட்டும் சொன்னாராம். நர்ஸ் அதையும் பிதற்றல் என்று எழுதிக்கொண்டாள். அது பிதற்றல் இல்லை என்று எங்கள் வீட்டு ஆட்களுக்குத்தான் தெரியும்.

ஏ எழுத்து. காலையில் கும்பகோணத்திலிருந்து முதல் பஸ் பிடித்து, தஞ்சாவூரில் மாறி, புதுக்கோட்டையில் இறங்கியதும் ஆஸ்பத்திரிக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்று பஸ் ஸ்டாண்டிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அப்போதுதான் கதிரேசன் போன் செய்தான். "அக்கா, நீ இங்க வராத. நேரா வீட்டுக்குப் போ. நான் விடியக்காலையிலயே அந்தப் புக்கைத் தலைகீழாப் பிடிச்சு உதறிப் பாத்துட்டேன், கேஸ் புக்கும் ரேஷன் கார்டு ஜெராக்ஸும்தான் விழுந்துச்சு. உனக்குத்தான் பொறுமை." இங்க வராத என்று அவன் சொன்னது எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது என்று அவனிடம் சொல்லவில்லை. அப்பாவும் நானும் பேசிப் பதினாறு வருஷம். உதறினால் விழாது என்று அந்த மடையனுக்கு இத்தனை வருஷத்தில் தெரிந்திருக்க வேண்டாமா? முக்கியமான காகிதத்தை அப்பா குண்டூசியால் பக்கத்தோடு சேர்த்துக் குத்திவிடுவார். தாலுகா ஆபீஸ் தபால் பிரிவில் முப்பத்திரண்டு வருஷம் குத்திய கை. சமஸ்தான காலத்து டிக்‌ஷனரி ஒன்றைக் கழித்துக் கட்டுகிறார்கள் என்று தெரிந்து கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். 1899-ல் லண்டனில் அச்சானது, முதல் பக்கத்தில் ஊதா முத்திரை. வீட்டில் பீரோ இல்லாமல் இல்லை. ஆனாலும் காகிதம் எல்லாம் இதற்குள்தான் போகும், ஒவ்வொன்றும் அதற்கு உரிய இங்கிலீஷ் வார்த்தை இருக்கிற பக்கத்தில். உரியது எது என்று அவர்தான் முடிவு செய்வார், அங்கேதான் சிக்கல். அலர்ஜியில் இருக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒரு வார்த்தையே இந்தப் புத்தகத்தில் இல்லை. 1899-ல் யாருக்கும் எதுவும் ஒத்துக்காமல் போனதில்லை போலிருக்கிறது. அல்லேலூயா இருக்கிறது, 'கடவுளைப் புகழும் கூவல்'. அடுத்தது அலீவியேட், 'வலியையோ பாரத்தையோ குறைத்தல்'. நடுவில் ஒன்றும் இல்லை. அல்லேலூயாவைப் பார்த்தால் லூர்து சிரிப்பார். லூர்து என் வீட்டுக்காரர், எங்கள் ஸ்கூலிலேயே பயாலஜி. அவர் சர்ச்சுக்குப் போகிறவர் என்பதுதான் பதினாறு வருஷத்துக்குக் காரணம், வேறு காரணம் இருந்ததாக எனக்குத் தெரியாது.

பி. பேபி, 'இன்னும் பேச வராத குழந்தை'. விரல் அங்கே நின்றுவிட்டது. எதுவும் குத்தியிருக்கவில்லை. பேபியில் நான் எதைத் தேடினேன், மருந்துச் சீட்டையா? வினாடி போகிறது. எனக்கு இமெல்டா பிறந்தபோது நான் அப்பாவுக்கு ஒரு இன்லாண்ட் லெட்டர் போட்டேன். ஒன்றே ஒன்று. 'பெண் குழந்தை. இரண்டு கிலோ எண்ணூறு. இமெல்டா அன்னம் என்று பெயர் வைத்திருக்கிறோம். அம்மாவிடம் சொல்லவும்.' இவ்வளவுதான், நலம் நலமறிய ஆவல் எல்லாம் எழுதவில்லை. கொஞ்சம் ரோஷம் இருந்தது, இப்போதும் இருக்கிறது, இல்லாமல் என்ன. கீழே விலாசம் எழுதினேன், மாடி வீடு என்பதையும் எழுதினேன். பிறகு ஒரு மாதம் தபால்காரர் சைக்கிள் தெருவில் திரும்புகிற நேரத்துக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக் கைப்பிடிச் சுவரோரம் நின்றேன். ஒரு மாதத்துக்கு அப்புறம் நிற்கவில்லை. சி. கேமல், 'பாலைவனத்துக் கப்பல் எனப்படுவது'. கேட், 'எலி பிடிப்பதற்காக வீடுகளில் வைத்துக்கொள்ளப்படும் விலங்கு', பூனையிடம் கேட்டால் வேறு மாதிரிச் சொல்லும். காபி. 'அரேபியாவில் விளையும் ஒரு கொட்டை, வறுத்துப் பொடித்துக் கொதிநீரில் இட்டுக் குடிப்பர், உறக்கத்தைப் போக்கும்.' அந்தப் பக்கத்தில் ஒரு காகிதம் நாலாக மடித்துக் குத்தியிருந்தது. பிரித்தேன். அம்மாவின் இறப்புச் சான்றிதழ். அன்றைக்கு விடிகாலை நாலரைக்கு அப்பாவுக்குக் காபி போட எழுந்தவள் அடுப்படியிலேயே சாய்ந்தாள். பாலை இறக்கி வைத்துவிட்டுச் சாய்ந்தாள் என்று அப்போது எல்லோரும் அதையே சொல்லிச் சொல்லி அழுதார்கள். நான் வந்து, தலைமாட்டில் நின்று, எடுத்ததும் கிளம்பிவிட்டேன். அப்பா என்னைப் பார்க்கவில்லை, பார்க்காத மாதிரி இருந்தார், இரண்டில் எது என்று ஆறு வருஷமாகத் தெரியாது. சான்றிதழை முன்பு இருந்த ஓட்டையிலேயே திரும்பக் குத்தி வைத்தேன். இதற்கு நாற்பது வினாடி ஆயிற்று.

டி. டான்ஸ், டேஞ்சர், டார்க். டார்க் என்றால் 'வெளிச்சம் இல்லாத'. அதை அடுத்துத் தாள்கள் கொத்தாகப் புரண்டு டிசம்பரில் வந்து நின்றன. டிசம்பர், 'ஆண்டின் கடைசி மாதம், பனி பொழிவது'. எங்கே பொழிகிறது, இங்கே கழுத்தளவு மழை. ஐந்து தாள் இருக்கும், பத்துப் பக்கம். ஒட்டிக்கொண்டிருக்கும். பழைய பசை, பழைய ஈரம். திரும்பிப் போய்ப் பிரிக்க முப்பத்திரண்டரை வினாடி ஆகும், காபியில் ஏற்கெனவே நாற்பது போய்விட்டது. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஈ-க்குப் போனேன். ஒட்டியிருந்ததா? ஒட்டியிருந்தது என்றுதான் நினைக்கிறேன். என் கட்டைவிரல் அழுத்திப் பிடித்திருந்தால்கூட அப்படித்தான் கொத்தாகப் புரளும். எலிஃபன்ட், 'கிழக்கு நாடுகளின் பெரிய விலங்கு. புத்தியும் மறவாமையும் உடையது'. எஃப்-ல் ஃபால், 'விழுதல்'. இங்கே இருக்கலாம் என்று ஒரு நிமிஷம் கூடுதலாகவே தேடினேன், ஏனென்றால் அன்றைக்கும் அப்பா விழுந்துதான் ஊசி போட்டுக்கொண்டார். தஞ்சாவூரில் பென்ஷனர் சங்கக் கூட்டத்துக்குப் போன இடத்தில் பஸ் படியில் கால் தவறி, முழங்கால் கிழிந்து, காயத்துக்கு ஊசி. அம்மா கதிரேசனிடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். ஃபாலில் ஒன்றும் இல்லை. ஃபீவரிலும் இல்லை.

ஐ-யில் இன்ஜெக்‌ஷன் இருக்கும் என்று நான் போட்ட கணக்கும் தப்பு. ஆனால் அதற்கு முன்னாலேயே ஐஸில் பழுப்பேறிய சீட்டு ஒன்று அகப்பட்டது, என் பெயர் போட்டது. பரிமளா, வயது ஒன்பது, டான்சில். இதை எனக்குத் தெரியும். அப்போதே கேட்டிருக்கிறேன், டான்சில் சீட்டை ஏன்ப்பா ஐஸில் வைக்கிறீங்க என்று. "நீ ஸ்கூல் வாசல்ல குச்சி ஐஸ் வாங்கித் தின்னதாலதான இந்தச் சீட்டு வந்துச்சு? காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு பாக்கக் கூடாது பரிமளா, எதனால வந்துச்சுன்னு பாக்கணும். அங்க வெச்சா அது தொலையாது" என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே சொன்னாரா, அவர் முகத்தை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது. அப்படியானால் காபி. விரல் அடுத்த தாளில் அப்படியே நின்றது. அவருக்குக் காபி போட எழுந்ததால் வந்த காகிதம் அது. ஆறு வருஷமாக அதை அந்த இடத்தில் குத்தி வைத்துக்கொண்டு, அப்புறம் தினமும் காபியும் குடித்துக்கொண்டு. எனக்குக் கோபம் வந்தது. வருத்தம் வந்திருந்தால் அழுது முடித்திருக்கலாம், கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, தாளைத் திருப்ப வேண்டியதுதான். மிராக்கிளில் கதிரேசனின் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் இருந்தது. 'இயற்கை விதிகளை மீறி நிகழ்வது.' அவன் பாஸானது அப்படித்தான்.

சொல்லி வைத்தாற்போல அவனே கூப்பிட்டான், மணி பதினொன்று ஐந்து. "கிடைச்சுதா அக்கா?" "எம்-ல இருக்கேன்." "சீக்கிரம் பாரு. பேரு தெரியலைன்னா அவங்களா ஒண்ணை ஊகிச்சுத்தான் போடணுமாம். எலும்பு ஆபரேஷனுக்கு முன்னாடி சீழ் பிடிக்காம இருக்கப் போடற அந்த ஊசியைப் போடாமலும் இருக்க முடியாதாம். தள்ளி வெச்சா, இந்த வயசுல மல்லாக்கப் படுத்தே கெடந்து நெஞ்சில சளி கட்டிக்கும்ங்கறார் டாக்டர். எப்படிப் பாத்தாலும் ஆபத்துதான்." "அப்பா என்ன பண்றாங்க?" "கண்ண மூடிட்டே இருக்காங்க. இப்பத்தான் என்கிட்ட, தபால் வந்துச்சான்னு கேட்டாங்க." "நீ என்ன சொன்ன?" "வரலைன்னேன். வேற என்ன சொல்றது?" போனை வைத்துவிட்டு அடுத்த தாளைத் திருப்பினேன். தபால் பிரிவில் இருந்த மனுஷன், புத்தி கலங்கினால் தபாலைத்தான் கேட்பார். அதில் வேறு எதுவும் இல்லை. கதிரேசன் வரலை என்று சொல்லியிருக்க வேண்டாம், பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம்.

என். நீடில், 'தைக்கப் பயன்படும் கூர்மையான கம்பி'. தைக்க மட்டும்தானா? இல்லை, சீட்டும் இல்லை. பி, பெரிய பி. எதனால் வந்தது என்று பார்க்க வேண்டும் என்றால் அந்தச் சீட்டு பென்ஷனர் கூட்டத்தால் வந்தது. ஆகவே பென்ஷன். விதியைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் நடுவில் இருந்த தாள்களைக் கொஞ்சம் வேகமாகவே தள்ளினேன். 'முன்பு செய்த ஊழியத்துக்காக, இப்போது ஒன்றும் செய்யாதவருக்கு அளிக்கப்படுவது.' அவருடைய ஓய்வு உத்தரவு இருந்தது, சங்கத்து அடையாள அட்டை இருந்தது, மருந்துச் சீட்டு இல்லை. பாய்சன், 'உயிரைப் போக்கும் பொருள்'. இல்லை. அந்தப் பயம் இப்போதுதான் நிஜமாக வந்து உட்கார்ந்தது. இதுவரைக்கும் தாள், வினாடி, வார்த்தை என்று ஓடிக்கொண்டிருந்தேன். அங்கே ஒரு ஆள் உடைந்த இடுப்போடு படுத்திருக்கிறார், எந்த ஊசி அவரைக் கொல்லும் என்பது இந்தப் புத்தகத்தில்தான் எங்கேயோ குத்தியிருக்கிறது, நான் பூனைக்கு விளக்கம் படித்துக்கொண்டிருந்தேன். ஆர், எஸ். ஷேமைத் திருப்பும்போது கண்ணை இடுக்கிக்கொண்டேன், அங்கே ஒன்றும் இல்லை. டீ-யில் டெலஸ்கோப்பில் டிவி வாங்கியபோது தந்த கியாரண்டி கார்டு, 1899-ல் டிவி ஏது, கிட்டத்தில் இருந்ததில் வைத்திருக்கிறார். வெயிட், 'ஒருவரின் வருகையை எதிர்நோக்கி ஓரிடத்தில் தங்குதல்'. ஸீப்ரா. முடிந்தது.

மணி பதினொன்று முப்பத்தாறு. கதிரேசன் மனைவி வளர்மதி இரண்டாவது தடவையாகக் காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, முதல் டம்ளர் ஆடை படிந்து அப்படியே இருப்பதைப் பார்த்தாள். "கிடைக்கலையா அண்ணி?" இல்லை என்றேன். "மாமா என்னைய இந்தப் புக்கைத் தொடவே விட்டதில்ல. தூசி தட்டுறதுன்னாலும் அவரேதான். ஆனா தெனமும் மதியம் சாப்பிட்டு எந்திரிச்சதும் எடுத்துப் பிரிப்பாங்க. ஒரு நிமிஷம் பாப்பாங்க, மூடி வெச்சுருவாங்க. என்னத்தத்தான் படிப்பாங்களோ." "எந்தப் பக்கம்னு பாத்திருக்கியா?" "எனக்கு எங்க தெரியுது இங்கிலீஷு. முன்பக்கமாத்தான் இருக்கும். எல்லாப் பக்கமும் பாத்துட்டீங்களா?" எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டேன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். எண்ணூற்று இருபத்து நான்கில் ஐந்து போக எண்ணூற்றுப் பத்தொன்பது. மூடிய புத்தகத்தின் ஓரத்தில், முன்பக்கத்திலிருந்து கால்வாசி தள்ளி, விரல் பட்டுப் பட்டு ஒரு கறுப்புக் கோடு விழுந்திருந்தது. பத்து பத்துக்கே அது என் கண்ணில் பட்டதுதான். டார்க்குக்கும் டிசம்பருக்கும் நடுவில் என்ன வார்த்தை வரும் என்று எனக்குத் தெரியாதா? டேட் வரும், டான் வரும், டே வரும், டெத் வரும். டாட்டர் வரும். அங்கே என் கடிதம் இல்லை என்றால் வந்த அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டார் என்று அர்த்தம். இருந்தால், படித்துவிட்டு, பத்திரமாகக் குத்தி வைத்துவிட்டு, பதினாலு வருஷம் சும்மா இருந்திருக்கிறார் என்று அர்த்தம். இரண்டில் எது வந்தாலும் எனக்குத் தாங்காது. பிரிக்காதவரைக்கும் இரண்டும் இல்லை, அப்படியே நாற்பத்தைந்து வயதுவரை ஓட்டிவிட்டேன். என் கடிதத்தைப் பார்க்கப் பயந்துகொண்டு அவர் மருந்துச் சீட்டு இருக்கக்கூடிய பத்துப் பக்கத்தைத் தாண்டி வந்திருக்கிறேன். ஒரு ஆளைச் சாகடிக்க இது போதும். இதற்குப் பெயர் ரோஷம் இல்லை. வளர்மதி பார்க்கிறாளே என்றுகூடத் தோன்றவில்லை, பிரித்தேன்.

அது தானாகவே அந்த இடத்தில் விரிந்தது. ஒட்டியிருக்கவில்லை. டாட்டர், 'தாய் தந்தையோடு உள்ள உறவை வைத்துப் பார்க்கும்போது, ஒரு பெண்'. அதன் மேல் நீல இன்லாண்ட் லெட்டர், என் கையெழுத்து. மற்ற எல்லாக் குண்டூசியும் துருப்பிடித்திருந்தது, இது மட்டும் பளிச்சென்று இருந்தது, சுற்றிலும் பழைய ஓட்டைகள். கடிதத்துக்குப் பின்னால், ஆபீஸில் வந்த தபாலோடு அதன்மேல் எடுத்த நடவடிக்கையைச் சேர்த்துக் குத்துவார்களே, அப்படி ஒரு மருந்துச் சீட்டு. முதலில் அதைத்தான் படித்தேன், அந்த அளவுக்குப் புத்தி இருந்தது. டாக்டர் சிவப்பு மையில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தார். கதிரேசனைக் கூப்பிட்டு, "செஃப்ட்ரியாக்சோன், எழுதிக்க, செஃப்ட்ரியாக்சோன், அந்த வகை எதுவுமே ஆகாதுன்னு போட்டிருக்கு" என்றேன். அவன் யாரிடமோ திரும்பச் சொல்வது கேட்டது. ஒரு பெண் குரல், "அதத்தான் சார் எடுத்து வெச்சிருக்கோம்" என்றது. அப்புறம் டிரே நகர்கிற சத்தம். கதிரேசன் மூச்சு விட்டான். "அப்பாடா. எங்கக்கா இருந்துச்சு?" "டி-யில." "டாக்டர்னு போட்டு வெச்சிருந்தாங்களா?" நான் சீட்டின் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தஞ்சாவூர் இல்லை. கும்பகோணம். எங்கள் தெரு முனையில் பாத்திரக்கடைக்கு மேலே இருக்கிற நர்சிங் ஹோம், நான் தினமும் ஸ்கூலுக்குப் போகும்போது அதன் கீழேதான் போகிறேன். தேதி, என் கடிதம் தபாலில் போய் ஐந்தாவது நாள். இரண்டு நாள் உள்நோயாளி என்று இருந்தது. அந்த இரண்டு நாளும் நான் மாடியில் நின்று தபால்காரரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்லாண்ட் லெட்டரின் ஓரத்தில் அப்பாவின் சிவப்புப் பென்சில் இருந்தது, வந்த தபாலில் குறிப்பு எழுதுகிற அதே சாய்ந்த எழுத்து. 'நேரில் செல்லப்பட்டது. மாடியில் கொடி நிறையக் குழந்தைத் துணி காய்ந்தது. நலம் எனத் தெரிகிறது. கூப்பிட வாய் வரவில்லை. திரும்பும்போது விழுந்ததில் சிகிச்சை, சீட்டு இணைக்கப்பட்டுள்ளது. நிலுவை.' நிலுவைக்குக் கீழே கோடு. "அக்கா, லைன்ல இருக்கியா? ஸ்ட்ரெச்சர் கொண்டு வந்துட்டாங்க" என்றான் கதிரேசன். மணி பதினொன்று நாற்பத்து நாலு. வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் எட்டு நிமிஷம், சிக்னலில் மாட்டினால் பதினொன்று. "கதிரு, ஸ்ட்ரெச்சரை வாசல்லயே நிறுத்தச் சொல்லு. கையக் கால விழுந்தாவது நிறுத்து. அப்பாகிட்ட தபால் வந்துருச்சுன்னு சொல்லு." செருப்பைத் தேட நேரம் இல்லை, வளர்மதியுடையதை மாட்டிக்கொண்டு, அந்தக் குண்டூசியை எடுக்காமல் புத்தகத்தை அப்படியே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவுக்கு வந்து ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.